எண்பது அடி முகப்பு: மேற்கு மாம்பலத்தில் ஒரு ஸ்டில்ட் பிளஸ் ஐந்து கட்டடமும் அதன் தெருவும்

இது எங்கள் தெருவில் 2020 முதல் 2025 வரை நடந்தது. இடித்த கட்டடத்தில் நான் ஒரு ஓனர். அதே இடத்தில் எழுந்த புதுக் கட்டடத்தின் அசோசியேஷனுக்கு முதல் செயலாளரும் நான்தான். இதில் வருகிற முடிவுகளில், நல்லதும் கெட்டதுமாக, பாதிக்கு மேல் என் கையெழுத்து இருக்கிறது. பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டுகிற பேச்சு இப்போது சென்னையில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. அந்தப் பேச்சில் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். யார் பெயரும் இதில் இல்லை.

பின்னணி: ஒன்பது வீடும் ஒரு தனி வீடும்

அயோத்யா மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு 30 அடித் தெரு. மேற்குப் பக்கம் இரண்டு மனைகள் அடுத்தடுத்து. ஒன்று 50 அடி முகப்பு, 120 அடி ஆழம், அதாவது ரெண்டரை கிரவுண்டு. அதில் 1980-களில் கட்டிய தரைத்தளமும் இரண்டு மாடியும், தளத்துக்கு மூன்று வீடு, மொத்தம் ஒன்பது. லிஃப்ட் கிடையாது. இன்னொன்று 30 அடி முகப்பு, ஒன்றரை கிரவுண்டு, ஒரு பழைய தனி வீடு.

அந்த இரண்டு மனைக்கும் முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நாங்கள் தேடியது அதைத்தான்.

எங்கள் காம்பவுண்டு சுவர் இடுப்பு உயரம். வாசலில் மூன்று படி, தெருவைப் பார்த்து. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூக்காரம்மா வந்து முதல் படியில் கூடையை வைத்து உட்கார்ந்தால் ஏழரை வரை அந்தப் படி அவருடையது. கீரை வண்டி வந்தால் முதல் மாடி மாமி கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் கூடையை பால்கனியிலிருந்து இறக்குவார், காசு முதலில் இறங்கும், கீரை அப்புறம் ஏறும், நடுவில் பத்து நிமிஷம் ஊர்க்கதை. பக்கத்துத் தனி வீட்டில் கார் ஷெட்டை ஒரு டெய்லருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர் மெஷினை ரோட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். எந்த வீட்டுப் பையன் எத்தனை மணிக்கு ஸ்கூல் வேனில் இறங்கினான், யார் வீட்டுக்கு கேஸ் வந்து கதவு பூட்டியிருந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். ரெண்டு மனைக்கும் நடுவில் ஒரு பெரிய புங்க மரம், அதன் நிழலில் இஸ்திரி வண்டி.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சுவர் குட்டை, படி இருந்தது, ஷெட் திறந்திருந்தது, மரம் நிழல் கொடுத்தது. அவ்வளவுதான்.

இடிக்க முடிவானது ஏன்

பழைய கட்டடத்தைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டிருந்தால் பொய்யாகிவிடும். இரண்டாவது மாடியில் இருந்த ஒரு பெரியவருக்கு முட்டி போய், கீழே இறங்குவதே ஆஸ்பத்திரிக்கு என்றால்தான் என்ற நிலை. கூரையில் கம்பி தெரிந்தது. தரைத்தளத்து மூன்று வீட்டுக்கும் மழை என்றாலே பயம். இந்தப் பகுதி முழுக்கவே ஒரு பெரிய ஏரியின் ஓரம். அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள், மேற்கு மாம்பலத்தில் இன்னும் லேக் வியூ சாலை என்று பெயர் மட்டும் இருக்கிறது. தண்ணீருக்குத் தன் இடம் தெரியும். 2015 டிசம்பரில் வந்தது. 2021 நவம்பரில் மறுபடி வந்தபோது தரைத்தளத்தில் கட்டில் மட்டத்துக்கு நின்றது. அதற்கு மேல் யாரும் "யோசிக்கலாம்" என்று சொல்லவில்லை.

கணக்கும் சாதகமாக இருந்தது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தபோது எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2 ஆனது. உயர்மாடிக் கட்டடம் என்ற வகைக்குள் போகாமல் 18.30 மீட்டர் வரை கட்டலாம் என்றும் ஆனது. 18.30 மீட்டருக்குள் ஒரு ஸ்டில்ட்டும், அதாவது கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கிற தரைத்தளமும், ஐந்து மாடியும் சரியாக அடங்கும். இன்றைக்கு சென்னையில் எங்கே திரும்பினாலும் ஒரே உயரத்தில் கட்டடம் எழுவதற்கு இந்த எண்தான் காரணம். பக்கத்துத் தனி வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். இரண்டு மனையும் சேர்ந்து 4 கிரவுண்டு, 9,600 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் 19,200 சதுர அடி. மாடிக்கு நாலு, மொத்தம் 20 வீடு. சாலை அகலத்தைப் பொறுத்துக் கட்டணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நிலம் எங்களுடையது, கட்டுகிற செலவு பில்டருடையது, பத்து வீடு ஓனர்களுக்கு, பத்து வீடு பில்டருக்கு. இதைத்தான் ஜாயின்ட் வென்ச்சர் என்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் பேசியதும் பேசாததும்

ஒப்பந்தம் நாற்பது பக்கத்துக்கு மேல். டைல்ஸ் எந்த கம்பெனி, சுவிட்ச் எந்த கம்பெனி, யூடிஎஸ் எனப்படும் நிலத்தில் பிரிக்காத பங்கு யாருக்கு எவ்வளவு, மாடிக்கு மாடி கார் பார்க்கிங் எப்படிப் பிரிப்பது, தாமதமானால் வாடகை யார் தருவது என்று ஆறு மாதம் பேசினோம். தெருப் பக்கம் என்ன வரும் என்று ஒரு வரிகூட இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டில்ட்டில் கார் நிறுத்தும் இடம் எஃப்எஸ்ஐ கணக்கில் வராது. அதே இடத்தில் ஒரு கடையோ ஒரு அறையோ கட்டினால் அந்தச் சதுர அடி கணக்கில் வரும், மேலே யாரோ ஒருவருடைய வீட்டில் அது குறையும். கார் நிறுத்தவும் வீட்டின் அளவுக்கு ஏற்ப இத்தனை என்று விதியே கேட்கிறது. அப்படியென்றால் தரை மட்டத்தை முழுக்க காருக்குக் கொடுப்பதுதான் எல்லாருக்கும் லாபம். இப்படி ஒவ்வொரு மனையாக முடிவாகி, கடைசியில் ஒரு தெருவின் கீழ்ப் பத்தடி முழுக்கத் தூணும் காரும் ஆகிவிடுகிறது. யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. ஆனால் அந்தப் பத்தடிதான் தெருவில் நடக்கிறவன் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடம்.

2022 மார்ச்சில் காலி செய்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஐந்தாவது மாடி சென்ட்ரிங் நடந்துகொண்டிருந்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். அன்றைக்கு சைட்டில் நின்று பார்த்த ஓனர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: ஸ்டில்ட்டை இன்னும் ஒரு அடி தூக்குங்கள். தூக்கினார்கள். சாலையைவிட ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் தரை வந்தது. அந்த உயரத்துக்குக் கார் ஏறச் சரிவு வேண்டும், சரிவுக்கு நீளம் வேண்டும், அந்த நீளம் எங்கள் மனைக்குள் இல்லை. சரிவின் நுனி தெருவுக்குள் இரண்டடி நீண்டது. அது விதிமீறல், எல்லாருக்கும் தெரியும், எல்லா வீட்டிலும் இருக்கிறதே என்று விட்டோம்.

புங்க மரம் இரண்டாவது கேட்டுக்கு நேராக இருந்தது. போனது.

2024: குடி வந்த பிறகு பார்த்தவை

2024 ஜூனில் குடி வந்தோம். முதல் மாதம் முழுக்க சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. முட்டி போன அந்தப் பெரியவர் லிஃப்டில் இறங்கி, பல வருடம் கழித்து தானாக நடந்து போய் மண்டபத்தில் கச்சேரி கேட்டுவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் இந்தக் கட்டடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொன்றும் எதிர்பாராமல் நடந்தது. நாங்கள் தெருவின் மேற்குப் பக்கம் இருப்பதால் மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த 18 மீட்டர் கட்டடத்தின் நிழல் தெரு முழுக்க விழுகிறது. எதிர்வரிசை வீடுகளின் வாசல் சாயங்காலம் வரை குளிர்ந்தே இருக்கிறது.

ஆனால் அந்த நிழலில் நிற்க ஆள் இல்லை.

எண்பது அடி முகப்பை அளந்து பார்த்தேன். பதினாலடி அகலத்தில் இரண்டு கேட், உள்ளே தெரியாதபடி தகடு அடித்தது. அது 28 அடி. மீதி 52 அடியும் ஆறடி உயரச் சுவர், அதில் ஒரு ஓரம் ஈபி பேனல். சுவருக்குப் பின்னால் கார்கள், அதற்குப் பின்னால் லிஃப்ட். வீட்டில் இருக்கிற ஆள் லிஃப்டில் இறங்கி, வண்டியை எடுத்து, வாட்ச்மேன் கேட்டைத் திறக்க, நேராக ரோட்டில் கலந்துவிடுகிறார். திரும்பி வரும்போதும் அப்படியே. எங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் கவனித்தேன்: என் மகள் அந்த ஏழு நாளில் ஒரு தடவைகூட எங்கள் தெருவில் கால் வைக்கவில்லை, தினமும் வெளியே போய் வந்தும்.

முதல் மாடி மாமிக்குப் புதுக் கட்டடத்திலும் முதல் மாடியே கிடைத்தது. உயரம் பெரிதாக மாறவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார், கயிறு சுவருக்கு உள்பக்கம் காரின் மேல் இறங்கியது. கீரைக்காரர் சுவருக்கு வெளியே. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டார். ஐந்தாவது மாடிக்கு மேலே போனால் தெருவோடு தொடர்பு அறுந்துவிடும் என்று டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் சொல்லியிருக்கிறார். எங்கள் கட்டடத்தில் முதல் மாடியிலேயே அறுந்தது, அறுத்தது உயரம் இல்லை, சுவர்.

கோலத்தைச் சொல்ல வேண்டும். வாசல் என்று ஒன்று இல்லாததால் கேட்டுக்கு முன்னால் சரிவின் மேல் போட்டார்கள். அது வழுக்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகப் பள்ளம் போட்ட டைல்ஸ். கோலமாவு பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது, கோடு நிற்பதில்லை. எட்டு மணிக்கு முதல் கார் ஏறினால் டயரில் ஒட்டி உள்ளே போய்விடுகிறது. மார்கழியில் மூன்று நாள் பார்த்துவிட்டு, மாமிகள் ஸ்டில்ட்டுக்குள் லிஃப்டுக்கு முன்னால் போட ஆரம்பித்தார்கள். தெருவுக்குத் தெரியாத கோலம்.

இஸ்திரிக்காரர் வண்டியைத் தெருக்கோடிக்கு நகர்த்தினார். டெய்லர் இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு அறை பிடித்தார், ரோடு தெரியாது. பூக்காரம்மா எங்கள் வாசலில் நிற்கப் பார்த்தார். வாட்ச்மேன் "கேட்டுக்கு முன்னாடி உட்காராதீங்கம்மா, கார் வரும்" என்றார். அவர் சொன்னது சரிதான், முகப்பில் கேட் இல்லாத இடத்தில் உட்கார எதுவும் இல்லை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை எங்கள் முகப்பில் நின்றவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், அதிலும் பெரும்பாலும் ஃபோனைப் பார்த்தபடி ஓடிபி கேட்கிற டெலிவரி பையன்கள். நடக்கிறவர்கள் சரிவைச் சுற்றி நடு ரோட்டுக்கு வந்துதான் போக வேண்டும்.

ஒரு செப்டம்பர் மாலை

2024 செப்டம்பர் கடைசி வாரம், விளக்கு வைக்கிற நேரம். எதிர்வரிசையில் இருக்கிற எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாமி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைக் ஒன்றுக்கு ஒதுங்கி எங்கள் சரிவின் ஓரத்தில் கால் வைத்து விழுந்தார். கை மணிக்கட்டு உடைந்தது. கூப்பிட்டிருக்கிறார். வாட்ச்மேன் பின்பக்கம் மோட்டார் போடப் போயிருந்தார். மேலே 20 வீட்டிலும் ஆள் இருந்தோம், டிவி ஓடியது, ஏசி ஓடியது, யாருக்கும் கேட்கவில்லை. டியூஷனிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பையன்தான் பார்த்துக் கேட்டைத் தட்டினான். எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டதற்கு அவர், "தெரியலைப்பா, விளக்கு எரிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான்: "டெய்லர் இருந்திருந்தா பார்த்திருப்பான்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சரிவை இரண்டடி நீட்ட "சரி" சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எடுத்த முடிவுகள்

2025 ஜனவரியில் பொதுக்குழு. என் கோரிக்கை ஒரே வரி: முகப்பை மாற்ற வேண்டும். மூன்று மணி நேரம் பேசினோம். எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். ஒருவர், தனியாக இருக்கிற பெண், சுவர் உயரமாக இருப்பதால்தான் இந்தக் கட்டடத்தில் வீடு வாங்கினேன் என்றார். இன்னொருவர், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தால் யார் கேட்பது என்றார். பதிலுக்கு நான் வாதம் செய்யவில்லை, விழுந்த மாமி விஷயத்தை நேரத்தோடு சொன்னேன். சுவருக்கு உள்ளே நமக்கு எவ்வளவு மறைவோ, சுவருக்கு வெளியே நடக்கிற எதற்கும் அவ்வளவு மறைவு. அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உள்ளே யாரும் வர முடியாது, ஆனா வெளியே தெரியணும், அப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் பிற்பாடு வரைபடம் ஆனது.

இரண்டு கேட்டில் ஒன்றை மூடினோம். 20 வீட்டுக்கு இரண்டு வண்டி கேட் தேவையே இல்லை, வாஸ்துவுக்கும் பில்டரின் வழக்கத்துக்கும் வைத்தது. மூடிய பதினாலடியில் நாலடிக்குச் சின்ன கேட், ஆள் நடக்க மட்டும், பக்கத்தில் கைப்பிடியோடு படி. மீதிப் பத்தடியை ஐந்தடி ஆழத்துக்கு உள்வாங்கித் தெருப்பக்கம் திறந்து விட்டோம், இடம் எங்கள் மனைக்குள்தான். சின்ன கேட்டை ஒட்டிய 24 அடிச் சுவரை இடித்து, இரண்டடி உள்ளே தள்ளிக் கம்பி கிராதி போட்டோம். கிராதிக்கு முன்னால் ஒன்றரை அடி உயரத்தில் கிரானைட் மேடை. சொல்லப்போனால் திண்ணை. கிராதி ஆறடி, யாரும் உள்ளே ஏற முடியாது, ஆனால் உள்ளே இருந்து ரோடு தெரியும், ரோட்டில் இருந்து வாட்ச்மேன் தெரிவார். அவர் நாற்காலியை கிராதிக்குப் பின்னால், ரோட்டைப் பார்த்துப் போட்டோம். மேலே ஒரு விளக்கு.

சரிவை வெட்டி மனைக்குள் இழுத்தோம். உள்ளே கொஞ்சம் செங்குத்தாகிவிட்டது, தாழ்வான கார் ஒன்றுக்கு அடி தட்டுகிறது, அந்த ஓனர் இன்னும் வருத்தத்தில்தான் இருக்கிறார். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் அரசு சொன்னதால், சாலை இனி உயர்ந்துகொண்டே போகாது என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு உள்ளே இழுக்கத் துணிந்தோம். இரண்டு டூவீலர் இடம் போனது. செலவு அசோசியேஷனின் இருப்பான கார்பஸ் நிதியிலிருந்து, 20-ல் 14 வீடு சம்மதித்தது.

வேண்டாம் என்று விட்டது

டெய்லரைத் திரும்பக் கூட்டி வர ஆசைப்பட்டோம். ஸ்டில்ட்டில் ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தால் போதும், வாடகையும் வரும். அவரே வந்து கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்டில்ட் எல்லாருக்கும் பொதுவான இடம், அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது, அதோடு அனுமதி வாங்கிய வரைபடத்தில் கார் நிறுத்தம் என்று இருப்பதைக் கடையாக்கினால் மொத்தக் கட்டடமும் விதிமீறல் ஆகிவிடும். சரிவில் ஒரு தடவை "எல்லாரும் செய்கிறார்கள்" என்று போய்ப் பட்டது போதும். அவருக்குப் புரிந்தது. "முதல்லயே கேட்டிருக்கணும் சார்" என்றார். அவர் யாரைக் குறித்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு

2025 ஏப்ரல் கடைசியில் வேலை முடிந்தது. மே மாதம் முழுக்க திண்ணையில் யாரும் உட்காரவில்லை. காலையில் வெயில் நேராக அடிக்கிறது, மரம் இல்லை. சாயங்காலம் நிழல் இருந்தும் வரவில்லை. கிரானைட் பளபளவென்று இருந்தது, யாரோ ஒருவருடைய இடம் மாதிரி. ஜூனில் ஸ்கூல் திறந்ததும் வேனுக்குக் காத்திருக்கிற அம்மாக்கள் முதலில் உட்கார்ந்தார்கள். அப்புறம் டெலிவரி பையன்கள். அடுத்த ஆர்டர் வரும் வரை பத்து நிமிஷம், தண்ணீர் பாட்டிலோடு. ஒரு காலை பார்த்தால் "வெளியாட்கள் உட்காரக் கூடாது" என்று ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் யார் என்று கண்டுபிடித்து அவமானப்படுத்த வேண்டாம், குழுவில் பொதுவாகப் பேசலாம் என்று முடிவு செய்தோம். பேசினோம். அவர்கள் நமக்குத்தான் சாப்பாடு கொண்டு வருகிறார்கள் என்று இரண்டாவது மாடிப் பெரியவர் ஒரே வரியில் சொன்னார். பேப்பர் போனது. ராத்திரி பத்துக்கு மேல் சிகரெட் பிடிக்க வருகிறவர்கள் விஷயம் அப்படித் தீரவில்லை, விளக்கைப் பிரகாசமாக்கினோம், குறைந்தது, நிற்கவில்லை.

இஸ்திரிக்காரரிடம் இரண்டு யோசனை சொன்னோம். ஸ்டில்ட்டுக்குள் ஒரு ஓரத்தில் மேஜை போட்டுக்கொள்ளலாம், வெயில் மழை இல்லை என்றேன். அவர் உடனே மறுத்தார். "உள்ள வந்துட்டா இந்த பில்டிங் துணி மட்டும்தான் சார் வரும். தெருத் துணி வராது." இருபது வருடத் தொழிலில் கற்றது அது, எனக்கு அதுவரை தோன்றியதில்லை. உள்வாங்கிய பத்தடியில், தெருவைப் பார்த்தபடி நிற்கிறார் இப்போது. கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்துவிட்டது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எங்கள் முகப்பில் ஒரு மனிதர் நின்றுகொண்டே இருக்கிறார் என்பதே பெரிய மாற்றம். ஜூலையில் ஒருநாள் மதியம் எதிர் வீட்டில் கேஸ் வாசனை வருகிறது என்று முதலில் குரல் கொடுத்தது அவர்தான்.

பூக்காரம்மா வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறார். மற்ற நாளுக்கு வேறு தெரு பழகிவிட்டது, நாங்கள் அவரை இழந்த மூன்று வருடத்தில் அவர் சும்மா காத்திருக்க முடியுமா. கீரைக்கூடை திரும்பவில்லை. மாமி இப்போது லிஃப்டில் இறங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து கீரை வாங்குகிறார், பேச்சு மட்டும் பழைய பத்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டது. கோலம் சின்ன கேட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. அங்கே சமமான கல் பதித்தோம், வண்டி ஏறாது, புள்ளி நிற்கிறது.

பையன்கள் கிரிக்கெட் திரும்பவில்லை. 20 வீட்டில் பாதி வீட்டுக்கு இரண்டாவது வண்டி உண்டு, எல்லாம் தெருவில்தான் நிற்கிறது, போதாததற்கு நாங்கள் எடுத்த இரண்டு டூவீலர் இடமும் சேர்ந்து. இதற்கு முகப்பை மாற்றுவதில் விடை இல்லை. காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் ஒரே கேட்டில் கார்கள் வரிசை நிற்கிறது என்ற புகாரும் உண்மைதான்.

மணிக்கட்டு உடைந்த மாமி ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கை நேராகி. சரிவு இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இடம் காட்டினார். உட்கார்ந்தேன்.

மறுபடி கட்டினால்

முதல் விஷயம், இதையெல்லாம் கட்டி முடித்த பிறகு செய்திருக்கக் கூடாது. சுவரைக் கட்டி, இடித்து, மறுபடி கிராதி போட்டதில் போன பணத்தைவிட, அந்த நடுவில் போன மனிதர்கள்தான் எனக்கு உறுத்துகிறது. ஒப்பந்தத்தில் சுவிட்ச் கம்பெனி பெயர் எழுதிய இடத்தில் முகப்பு வரைபடத்தையும் சேர்த்திருக்க வேண்டும். கேட் எத்தனை, சுவர் உயரம் எவ்வளவு, சரிவு மனைக்குள் முடிகிறதா, மரம் எங்கே என்று ஒரே ஒரு தாள்.

டெய்லருக்கு 150 சதுர அடி. குடியிருப்புப் பகுதியில் சின்னக் கடைக்கு விதியில் இடம் இருக்கிறது. ஆரம்பத்திலேயே வரைபடத்தில் காட்டியிருந்தால், 19,200-ல் 150 என்பது வீட்டுக்கு ஏழெட்டு சதுர அடி, ஒரு ஷூ ரேக் அளவு. நாங்கள் அதைக் கொடுத்திருப்போம் என்றுதான் நம்புகிறேன், கேட்டிருந்தால்.

மரத்துக்கு நேராகக் கேட் வரைந்ததை வரைபடத்திலேயே நகர்த்தியிருக்கலாம், ஆறடி தள்ளினால் போதும். உள்வாங்கிய இடத்தின் ஓரத்தில் இப்போது ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறோம். தோள் உயரம் வந்திருக்கிறது. இஸ்திரிக்காரர் தண்ணீர் ஊற்றுகிறார். காலை வெயிலுக்கு அது நிழல் தர இன்னும் ஏழெட்டு வருடம் ஆகும்.

ஸ்டில்ட் உயரத்தைக் குறைத்திருக்க மாட்டேன். அந்த மூன்றடி வேண்டியதுதான், மறுபடி தண்ணீர் வரும். ஆனால் உயர்த்தியதற்கான சரிவை யார் இடத்தில் போடுவது என்பதை அதே நாளில், அதே சைட்டில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் எங்களுக்குத் தெற்கே மூன்றாவது மனையில் ஆறு வீட்டுக்காரர்கள் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கையெழுத்துப் போடும் முன் வந்து பேசினார்கள். அந்த ஒரு தாளை எழுதிக் கொடுத்தேன்: வண்டிக்கு ஒரு கேட், தெருப்பக்கம் கிராதியும் திண்ணையும், சரிவு மனைக்குள், ஒரு சின்னக் கடை. அவர்கள் பில்டர் முதல் மூன்றையும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார். கடையை மட்டும் அடித்துவிட்டார். ஓனர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறார்கள், டெய்லரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.